வலியை உற்றுப் பார்ப்பதும் பயத்தைக் கேள்வி கேட்பதும்

மாதக்கணக்கில் முதுகுவலியோடு கிடப்பவரிடம் "தியானம் செய்து பாருங்களேன்" என்றால் முகம் சுண்டிவிடும். 'உன் வலி பொய், எல்லாம் மனசுதான்' என்று சொன்னதுபோல அவர் காதில் விழுகிறது. அந்த வருத்தம் நியாயமானது. அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான் 2016இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஆய்வை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 342 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு விழிப்புணர்வுத் தியானம், இன்னொன்றுக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சை. வாரம் 2 மணி நேரம், 8 வாரம். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும்.

இந்தத் தியான முறை 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது. மல்லாந்து படுத்து, இடது கால் விரல்களிலிருந்து கவனத்தை மெல்ல மேலே நகர்த்த வேண்டும். பாதம், கெண்டைக்கால், முழங்கால், தொடை. இடுப்புக்கு வந்ததும் வலியைத் தள்ளிவிடப் பார்க்கக் கூடாது. எரிகிறதா, குத்துகிறதா, இறுக்குகிறதா? ஒரே இடத்தில் நிற்கிறதா, நகர்கிறதா? பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை.

நடத்தைச் சிகிச்சையில் நோயாளியின் கையில் பேனா. 'குனிந்தால் முதுகு போய்விடும்' என்று எழுதுகிறார். போன வாரம் குனிந்தபோது நிஜமாகவே என்ன ஆயிற்று என்று பக்கத்திலேயே எழுதச் சொல்கிறார்கள். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடும் பழக்கத்தையும் மாற்றுகிறார்கள்.

வழி இரண்டாக இருந்தும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். 26ஆவது வாரத்தில் அன்றாட வேலைகளைச் செய்வதில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் தியானத்தில் 100க்கு 61 பேர், நடத்தைச் சிகிச்சையில் 58, வழக்கமான வைத்தியத்தில் 44. வலியின் தொந்தரவு நன்றாகக் குறைந்தவர்கள் முறையே 44, 45, 27. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்ற பிரிவிலேயே 44 பேர் தேறியிருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு 61ஐ மட்டும் விளம்பரப்படுத்துவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். தியானம் கூடுதலாகக் கொடுத்தது 17 பேருக்கு. வருடக்கணக்கில் வலியோடு வாழ்ந்தவருக்கு அதுவே பெரிய விஷயம் என்பேன்.

என்னைக் கேட்டால், அசையவே பயப்படுபவருக்கு நடத்தைச் சிகிச்சை பொருந்தும். வலியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிக் களைத்தவருக்குத் தியானம் பொருந்தும். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட முதுகுவலிக்கு மருந்துக்கு முன்னால் முயல வேண்டியவற்றில் இரண்டையுமே சேர்த்திருக்கிறது.

ஜாமா ஆய்வில் தியான வகுப்புக்கு வந்த 103 பேரில் 30 பேருக்கு ஏதோ ஒரு உபாதை ஏற்பட்டது. பெரும்பாலும் அதிலிருந்த யோகாசனத்தால் தற்காலிகமாக வலி கூடியது. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ பாயை விரிக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போகச் சொல்வதும் அதே முதல் நாளில்தான்.