போலீஸுக்கு புல்லட் புரூஃப் ஜாக்கெட் வாங்க மக்களிடம் வசூல்: அமெரிக்காவில் இது எப்படி நடக்கிறது?

1975 டிசம்பர் 23. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஒரு கடையில் நடந்த கொள்ளை முயற்சியில் போலீஸ்காரர் ஒருவர் சுடப்பட்டார். ஆனால் உயிர் பிழைத்தார். காரணம், சட்டைக்குள் அவர் போட்டிருந்த புதுவகை ஜாக்கெட். அரசு சோதனை முறையில் கொடுத்த அந்த ஜாக்கெட் காப்பாற்றிய முதல் உயிர் அவருடையது.

இன்று அதே மாதிரி ஜாக்கெட் வாங்குவதற்காக, அந்த நாட்டில் பல ஊர்களில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுகிறார்கள். உலகின் மிகப் பணக்கார நாட்டில், போலீஸின் உயிரைக் காக்கும் பொருளுக்கு ஏன் வசூல் நடக்கிறது?

ஜாக்கெட் வந்த கதை

1965-இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் செய்த கண்டுபிடிப்பிலிருந்து வந்தது கெவ்லார் என்ற இழை. எடை குறைவு, வலிமை மிக அதிகம். 1970-களில் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பான தேசிய நீதி நிறுவனம், இதில் தைத்த சுமார் 5,000 ஜாக்கெட்டுகளை 15 நகரங்களின் போலீஸாருக்குக் கொடுத்துப் பார்த்தது. அதன் பிறகு இதுவரை 3,000-க்கும் மேற்பட்ட போலீஸாரின் உயிரை இந்தக் கவசங்கள் காப்பாற்றியுள்ளதாக அந்த அமைப்பு சொல்கிறது.

அரசு பணம் தருவதில்லையா?

தருகிறது. ஆனால் பாதிதான்.

1997-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கோல்ப்ரூக் என்ற சிற்றூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், மாநில போலீஸார் 2 பேர் உட்பட 4 பேர் கொல்லப்பட்டனர். தப்பி ஓடியவரைத் தேடிப் போன போலீஸாரில் பலரிடம் தரமான ஜாக்கெட் இல்லை என்ற பேச்சு எழுந்தது. அடுத்த ஆண்டே, 1998-இல், ஜாக்கெட் வாங்க உதவும் தனிச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு ஜாக்கெட் விலையில் அதிகபட்சம் 50 சதவீதத்தை மத்திய அரசு தரும். மீதியை உள்ளூர் நிர்வாகம்தான் போட வேண்டும். அதுவும் முதலில் கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டு, பிறகுதான் அரசிடம் திரும்பப் பெற முடியும்.

அப்போ மீதிப் பணம்?

இங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் போலீஸ் என்பது மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை கிடையாது. ஊருக்கு ஊர் தனித்தனி. மொத்தம் சுமார் 18,000 காவல் அமைப்புகள். உள்ளூர் காவல் துறைகளில் ஏறக்குறைய பாதியில் 10 பேருக்கும் குறைவாகவே முழுநேர போலீஸார் இருக்கிறார்கள். அந்த மாதிரி சிற்றூர்களின் பட்ஜெட்டில் சம்பளம், வண்டி, பெட்ரோல் போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இன்னொன்று, ஜாக்கெட் ஒருமுறை வாங்கினால் தீர்ந்துவிடும் செலவு அல்ல. பொதுவாக 5 ஆண்டுதான் உத்தரவாதம். வியர்வை, வெயில், தினமும் போட்டுக் கழற்றும் தேய்மானம் எல்லாம் அதன் பலத்தைக் குறைக்கும். ஒவ்வொருவர் உடல் அளவுக்கும் தைக்க வேண்டும் என்பதால், ஒருவருடையதை இன்னொருவர் மாட்டிக்கொள்வதும் சரிவராது.

யார் வசூலிக்கிறார்கள்?

பெரிய நகரங்களில் இதற்கென்றே ‘போலீஸ் அறக்கட்டளைகள்’ இருக்கின்றன. 1971-இல் தொடங்கிய நியூயார்க் நகர போலீஸ் அறக்கட்டளை இதில் மூத்தது. சிற்றூர்களில் உள்ளூர் சங்கங்களும் கடைக்காரர்களும் முன்னால் நிற்பார்கள். விருந்து, ஓட்டப்பந்தயம், ஆன்லைன் வசூல் எனப் பல வழிகள். போலீஸ் நாய்களுக்குக் கவசம் வாங்கித் தருவதற்கென்றே தனி அமைப்புகளும் உண்டு.

நல்ல விஷயம்தானே, எதிர்ப்பு ஏன்?

முதல் கேள்வி, சமநிலை. பணக்காரர்கள் இருக்கும் ஊரில் வசூல் கொட்டும். ஏழை ஊரில்? ஆபத்து அதிகம் உள்ள ஊருக்கே கவசம் கடைசியில் போய்ச் சேரலாம்.

இரண்டாவது, வெளிப்படைத்தன்மை. அரசுப் பணம் என்றால் நகர மன்றத்தில் விவாதம் நடக்கும். தனியார் பணம் அந்தக் கதவைத் தாண்டி வந்துவிட முடியும். 2016-இல் பால்டிமோர் நகரின் மீது விமானத்தில் கேமரா வைத்து போலீஸ் கண்காணித்தது. அதற்கான செலவு தனியார் நன்கொடை. பல மாதம் கழித்து ஊடகச் செய்தி வந்த பிறகுதான் நகர மக்களுக்கே விஷயம் தெரிந்தது. ஜாக்கெட்டும் கண்காணிப்பு விமானமும் ஒன்றல்ல. ஆனால் பணம் வரும் வழி ஒன்றுதான் என்கிறார்கள் விமர்சகர்கள்.

மூன்றாவது, மோசடி. போலீஸ் பெயரைச் சொல்லி போனில் பணம் கேட்கும் கும்பல்கள் அங்கே பழைய தலைவலி. 2009-இல் போலீஸ், தீயணைப்பு வீரர்கள், முன்னாள் ராணுவத்தினர் பெயரில் நடந்த வசூல் மோசடிகள் மீது மத்திய வர்த்தக ஆணையமும் மாநிலங்களும் சேர்ந்து 76 நடவடிக்கைகளை அறிவித்தன.

கொடுப்பவர் கவனிக்க வேண்டியவை

• பெயரில் ‘போலீஸ்’ இருப்பதாலேயே பணம் உள்ளூர் காவல் நிலையத்துக்குப் போகும் என்று அர்த்தமில்லை. நிலையத்தையே நேரில் கேட்பது நல்லது.

• வசூலிப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஏஜென்சியா? கொடுக்கும் பணத்தில் ஜாக்கெட்டுக்குப் போவது எவ்வளவு?

• வாங்கப்போவது எந்தத் தரம்? சட்டைக்குள் போடும் மென்மையான ஜாக்கெட் கைத்துப்பாக்கிக் குண்டைத்தான் தாங்கும். ரைஃபிள் குண்டுக்குத் தனியாகக் கடினத் தகடு வேண்டும்.

• பழைய ஜாக்கெட்டை தானம் கொடுப்பது ஆபத்து. சைலான் என்ற இழையில் செய்த ஜாக்கெட் 2003-இல் பென்சில்வேனியாவில் ஒரு போலீஸ்காரரைக் காக்கத் தவறியது. 2005-இல் அந்த இழை கொண்ட ஜாக்கெட்டுகளுக்கான தரச் சான்றே ரத்தானது.

வேறு வழி உண்டா?

2016 ஜூலையில் டல்லாஸ் நகரில் ரைஃபிளால் சுடப்பட்டு 5 போலீஸார் இறந்தனர். அடுத்த ஆண்டு டெக்சாஸ் மாநில அரசு, ரைஃபிள் குண்டைத் தாங்கும் கவசம் வாங்க 2.5 கோடி டாலரை ஒதுக்கியது. அரசு மனசு வைத்தால் பட்ஜெட்டிலேயே வழி உண்டு என்பதற்கு இது உதாரணம்.

வசூல் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. இன்று இரவு ரோந்து போகிறவருக்கு அடுத்த பட்ஜெட் வரை காத்திருக்க நேரமில்லை. ஆனால் இந்த ஆண்டு நன்கொடையில் வாங்கிய ஜாக்கெட்டை 5 ஆண்டில் மாற்றியாக வேண்டும். அப்போது யார் பணம் தருவார்கள் என்று, உண்டியல் வைக்கும் நாளிலேயே நகர மன்றத்திடம் கேட்டு வைப்பதுதான் அந்த ஊர்க்காரர்களுக்குப் பாதுகாப்பு.