செத்துப் பிறந்த குட்டியும் விடாத காய்ச்சலும்: ஆடு வளர்ப்போர் அறியவேண்டிய புருசெல்லோசிஸ்

அரியாலை கிழக்கில் ஒரு வீட்டில், நாலு மாதச் சினையாக இருந்த மறியாடு செத்த குட்டி போட்டது. "எங்கையோ இடிபட்டிருக்கும்" என்று நினைத்த அந்த அம்மா, குட்டியையும் இளங்கொடியையும் வெறுங்கையால் அள்ளி வேலிக்கரையில் போட்டார். நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆட்டின் இரத்தம் சோதிக்கப்படவில்லை. ஆகவே காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் சினையின் கடைசிக் காலத்தில் குட்டி இறந்து விழுந்தால் சந்தேகிக்க வேண்டிய நோய்களில் ஒன்று புருசெல்லோசிஸ்.

ஆடு, செம்மறிகளில் இதற்கு முதன்மைக் காரணம் 'புருசெல்லா மெலிற்றென்சிஸ்' என்ற பற்றீரியா. மோல்ற்றாத் தீவில் பிரித்தானியப் படையினரை வாட்டிய காய்ச்சலில் இருந்து 1887இல் டேவிட் புரூஸ் இதைப் பிரித்தெடுத்தார். அது ஆட்டுப்பாலில் இருந்து வருகிறது என்பதை 1905இல் தெமிஸ்டோகிளிஸ் சம்மிற் கண்டறிந்தார். மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

முதலாவது, சோதிக்காமல் வாங்கிச் சேர்க்கும் ஆடு. நோயுள்ள ஆடு பெரும்பாலும் ஒருமுறைதான் குட்டியை இழக்கும். பிறகு நல்ல ஆடு போலவே தெரியும், ஆனால் பாலிலும் அடுத்த ஈற்றின் கழிவுகளிலும் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, குட்டி ஈனும் இடம். இறந்த குட்டி, இளங்கொடி, ஈன்றபின் வடியும் நீர் ஆகியவற்றில் கிருமி மிக அதிகம். வெயிலில் அது விரைவில் சாகும். நிழலும் ஈரமும் உள்ள கொட்டில் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

மூன்றாவது, கலப்பு. பல வீட்டு ஆடுகள் ஒரே வெளியில் மேய்வது, ஒரே தொட்டியில் தண்ணீர் குடிப்பது, ஊருக்கெல்லாம் ஒரே கிடாயை விடுவது, ஆட்டையும் மாட்டையும் ஒரே கொட்டிலில் கட்டுவது எல்லாம் இதில் அடங்கும். மந்தை பெருக ஆபத்தும் பெருகும்.

மனிதருக்கு

காய்ச்சாத பால், அதில் செய்த தயிர், ஈற்றுக் கழிவைத் தொட்ட கையிலுள்ள காயம் ஆகியவை வழியாக இது தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, நாரிவலி, கடும் சோர்வு ஆகியவை அறிகுறிகள். நெருப்புக்காய்ச்சல், காசநோய் என்று மாறி எண்ணப்படுவதும் உண்டு. எனவே வைத்தியரிடம் "வீட்டில் ஆடு வளர்க்கிறோம்" என்று சொல்லுங்கள். மருந்து உண்டு. ஆனால் பொதுவாக ஆறு வாரங்கள் இடைவிடாமல் எடுக்கவேண்டும்.

செய்யக்கூடியவை

பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். குட்டி ஈனும் ஆட்டைத் தனியே கட்டுங்கள். கழிவைக் கையுறையோடு எடுத்து, கிணற்றுக்குத் தூரமாக ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள். பசுவின் இளங்கொடியை உமலில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் நம் பழைய வழக்கத்திலும் வெறுங்கையால் தொடுவதைத் தவிருங்கள். புதிய ஆட்டைச் சில வாரங்கள் பிரித்து வைத்துச் சோதியுங்கள். குட்டி இறந்து விழுந்தால் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். றோஸ் பெங்கால் என்ற எளிய இரத்தப் பரிசோதனையே முதற்படி.

அந்த அம்மா என்னைக் கேட்டார்: "சோதிச்சு வருத்தம் எண்டு வந்தால், ஆட்டைக் கொண்டுபோடுவினமோ தம்பி?" 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கட்டை அவிழ்த்துவிட்டுப் போன ஆடுகளை அவர் திரும்பக் காணவில்லை. இப்போதுள்ள மூன்றும் போருக்குப் பின் வாழ்வாதார உதவியாக வந்த ஆடுகளின் வழிவந்தவை. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயுள்ள ஆட்டுக்குப் பொதுவாக மருத்துவம் செய்வதில்லை, மந்தையிலிருந்து நீக்கத்தான் சொல்வார்கள். ஆனால் சந்தேகமான ஆட்டை விற்றால், அதே இழப்பும் காய்ச்சலும் இன்னொரு வீட்டுக்குப் போகும்.

இந்தச் சுமையை அவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமல்ல. வாழ்வாதாரமாக ஆடு கொடுப்பவர்கள், கொடுக்கும் முன் இரத்தம் சோதித்துக் கொடுக்கவேண்டும். நோய் கண்டு ஆட்டை இழப்பவருக்கு மாற்று ஆடும் கிடைக்கவேண்டும். அப்போதுதான் குட்டி செத்து விழுந்ததை யாரும் மறைக்கமாட்டார்கள்.