சுரப்பியின் அளவும் நரம்பின் இறுக்கமும்: ஆண்களின் சிறுநீர்த் தொல்லைகள் குறித்து

நடுவயது கடந்த ஆண் ஒருவர் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று வந்தால், ஸ்கேன் அறிக்கையில் முதலில் தேடப்படுவது புரோஸ்டேட் சுரப்பியின் அளவு. அந்த எண்ணே தொல்லையின் அளவாகவும் கொள்ளப்படுகிறது. ஆனால் இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. பெருத்த சுரப்பியோடு விடியும்வரை உறங்குபவர் உண்டு. சிறிய சுரப்பியோடு இரவில் நாலைந்து முறை எழுபவரும் உண்டு. பிரிட்டிஷ் சிறுநீரியல் அறிஞர் பால் ஆப்ரம்ஸ், இந்தத் தொல்லைகளைப் புரோஸ்டேட்டின் பெயரால் அழைப்பதையே விட்டுவிட வேண்டும் என்று 1994இல் எழுதியது இதனால்தான். இந்த முரணில் ஒரு முக்கியப் பகுதியைத் தானியங்கு நரம்பு மண்டலம் விளக்குகிறது என்பதும், நோயறிதலின் தொடக்கத்திலேயே அதற்கு இடம் தர வேண்டும் என்பதும் என் வாதம்.

சிறுநீர்ப்பை நிரம்பும் வேளையில் தானியங்கு மண்டலத்தின் ஒரு கிளையான பரிவு நரம்புகளின் கை ஓங்கியிருக்கும். அவை பீட்டா-3 ஏற்பிகள் வழியே பையின் தசையைத் தளர்த்துகின்றன; ஆல்பா-1 ஏற்பிகள் வழியே பையின் கழுத்தையும் புரோஸ்டேட்டின் மென்தசையையும் இறுக்குகின்றன. கழிக்கும் வேளையில் தண்டுவடத்தின் சேக்ரல் பகுதியிலிருந்து வரும் எதிர்ப்பரிவு நரம்புகள் பையைச் சுருக்க, பரிவு நரம்புகள் ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் சுரப்பி பெருக்காமலேயே வழி குறுகும்.

இதற்கு வலுவான சான்று மருந்துகளிடமிருந்தே வந்தது. எருசலேமில் மார்க்கோ கெய்னும் உடன் ஆய்வாளர்களும் மனிதப் புரோஸ்டேட் திசுவில் ஆல்பா ஏற்பிகள் நிறைந்திருப்பதை 1975இல் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த ஏற்பிகளைத் தடுக்கும் ஃபினாக்சிபென்சமைனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர் ஓட்டம் கூடியது. இன்று பரவலாகத் தரப்படும் டாம்சுலோசின் அந்த வழியில் வந்ததே. அது சுரப்பியைச் சுருக்குவதில்லை. ஆனாலும் சில நாட்களிலேயே பலன் தெரிகிறது. அளவு மாறாமல் தொல்லை மட்டும் குறைகிறதென்றால், அளவு மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

நோயற்றவர்களிடமும் நரம்பின் இந்த இறுக்கத்தைக் காணலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆண்கள் கழிப்பறையில் ஆய்வாளர் மிடில்மிஸ்டும் வேறு இருவரும் நடத்தி 1976இல் வெளியிட்ட ஆய்வு, கழிப்பறைக்குள் ஒளித்துவைத்த பெரிஸ்கோப் வழியாக அறியாத மனிதர்களைக் கவனித்தது. அதன் அறம் அப்போதே கண்டிக்கப்பட்டது, நியாயமாகவே. ஆயினும் முடிவைத் தள்ளிவிட முடியாது. தனியாக நின்றவருக்குச் சிறுநீர் வரத் தொடங்கச் சராசரியாக 4.9 வினாடி, அடுத்த இடத்திலேயே ஒருவர் நின்றபோது 8.4 வினாடி. இதற்குச் சுரப்பியின் அளவு காரணமல்ல, பக்கத்தில் ஓர் ஆள் நின்றதே வேறுபாடு. மூக்கடைப்புக்குச் சூடோஎஃபிட்ரின் கலந்த மாத்திரை விழுங்கிய முதியவருக்குத் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொள்வதும் அதே ஆல்பா ஏற்பிகள் வழியாகத்தான்.

மறுப்பு ஒன்று உண்டு. கெவின் மெக்வாரியும் சகாக்களும் 2005இல் பரிவு நரம்பின் மிகையியக்கத்துக்கும் சிறுநீர்த் தொல்லையின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு கண்டார்கள். ஆனால் தொடர்பு காரணமாகிவிடாது: இரவெல்லாம் எழுந்து உறக்கம் கெட்டவருக்குப் பரிவு நரம்பு கிளர்ந்திருப்பதில் வியப்பில்லை. இந்த மறுப்பை ஏற்கிறேன். ஆனால் மரபுவழியே உயர் ரத்த அழுத்தம் கொண்ட எலியினத்தில் சிறுநீர்ப்பையும் மிகையாக இயங்குவது, நரம்பிலிருந்து தொல்லைக்குச் செல்லும் திசையும் மெய்யாக இருக்கலாம் என்று காட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதாகக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நரம்பை மறப்பதால் நேரும் கேடு மிகக் கொடுமையாகத் தெரிவது பல மண்டலச் சிதைவு நோயில் (multiple system atrophy). தானியங்கு நரம்புகளைச் சிதைக்கும் இந்நோயில் நடை தள்ளாடுவதற்கு முன்பே சிறுநீர்த் தொல்லை தொடங்குவது உண்டு. அதைப் புரோஸ்டேட் வீக்கமென்று எண்ணி அறுவை செய்யப்பட்டவர்கள், பயன் காணாததோடு சிறுநீரை அடக்கும் திறனையும் இழந்திருக்கிறார்கள். அறுவைக்கு முன் படுத்த நிலையிலும், எழுந்து மூன்று நிமிடம் நின்ற பின்னும் ரத்த அழுத்தம் பார்ப்பதற்குச் செலவே இல்லை. மேலெண் 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் சரிந்தால், கத்தியை எடுப்பதற்கு முன் நரம்பியல் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.