தேனும் பாகும்

தேனில் பாகு கலப்பது பழைய வஞ்சனை. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரைகளைக் காட்டிக்கொடுக்கும் சோதனையை விஞ்ஞானிகள் வகுத்தனர்; நெல் வேறு வகைப் பயிராதலின், வஞ்சகர் அச்சோதனைக்கு அகப்படாத அரிசிப் பாகை நாடினர்.

2020 ஆகஸ்டு முதல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு அணுக்காந்த ஒத்திசைவுச் சோதனை கட்டாயமாயிற்று. உள்நாட்டில் நாம் உண்ட தேனுக்கு அந்நிபந்தனை அப்போது இல்லை. அவ்வாண்டு டிசம்பரில், டில்லியிலுள்ள விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையம், 13 வணிகப் பெயர்களின் தேனை ஜெர்மனியில் அச்சோதனைக்கு உட்படுத்தியதாகவும், 3 மட்டுமே தேறியதாகவும் வெளியிட்டது. நிறுவனங்கள் அதனை மறுத்தன.

நட்டம் நமக்கு மட்டுமன்று. பாகின் விலைக்குத் தேனை விற்க இயலாத வடநாட்டுத் தேனீ வளர்ப்போர் பெட்டிகளைக் கைவிட நேரும். பின்னர்க் கடுகு வயலில் மகரந்தம் சுமக்கத் தேனீ ஏது? மலிவான புட்டியை எடுக்குமுன் நாம் இதனை எண்ணுதல் வேண்டும்.