வாவிப் 'பாதை'யும் கரை மின்சாரமும்

மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பெரிய படகுக்கு அப்பகுதி மக்கள் வைத்த பெயர் 'பாதை'. வெளியூரார் அதை வீதி என்று எண்ணி ஏமாறுவதுண்டு. இரண்டு மிதவைகளைப் பிணைத்து மேலே தளம் அமைத்த ஊர்தி அது. ஆட்களோடு மோட்டார் சைக்கிள்களும் சிறு வாகனங்களும் ஏறும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், மண்முனைத்துறையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கும் தலைமுறைகளாக அதுவே வழியாயிருந்தது. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டபின் அங்கு பாதை ஓய்ந்தது.

'சின்னக் கதிர்காமம்' எனப்படும் மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு ஓர் இரவு அப்படிக் கடந்தேன். போர்க்காலம். பின்னால் எழுவான்கரையில் மின்விளக்குகள். முன்னால் படுவான்கரை இருளில் கிடந்தது. அக்கரையின் பல கிராமங்களுக்கு அன்று மின்சாரம் எட்டியிருக்கவில்லை. படகோட்டியின் அரிக்கன் லாம்பு ஒன்றே வெளிச்சம்.

கப்பற் பொறியியலாளரான நண்பர் ஒருவர் அண்மையில் 'கரை மின்சாரம்' பற்றி விளக்கியபோது அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது.

நிலக்கரிக் கப்பல்கள் துறைமுகத்தில் நெடுநாள் தரித்தால் கொதிகலன்களை அணைத்துவிடுவர்; இரும்பு குளிர்ந்துவிடும். கரையிலிருந்து மின்சாரம் பெறுவதை மாலுமிகள் ஆங்கிலத்தில் குளிர்ந்த இரும்பின் பெயராலேயே அழைத்தனர். டீசல் காலத்தில் இவ்வழக்கம் வணிகக் கப்பல்களில் அருகியது. துறையில் கட்டியபின்னும் மின்பிறப்பாக்கிகள் ஓடின. புகையைச் சுவாசித்தவர்கள் துறைமுகநகர மக்கள். 2000ஆம் ஆண்டில் சுவீடனின் கொதன்பேர்க் துறைமுகம் பெரிய கப்பல்களுக்கு உயரழுத்தக் கரை மின்சாரம் வழங்கத் தொடங்கியது. சர்வதேச நியமம் 2012இல் வந்தது.

வீட்டுச் செருகியைப் போலச் செருகிவிடும் காரியமன்று இது. பெருங்கடற் கப்பல்களிற் பல 60 ஹேட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குபவை. இலங்கை மின்சாரமோ 50. இடையே மாற்றி வேண்டும். மூன்று கட்டங்களின் வரிசை பிசகினால் பம்பிகள் தலைகீழாகச் சுழலும். கரையின் புவித்தொடுப்பை இரும்பு உடலோடு நேரே இணைத்தால் உப்புநீரில் உடல் மெல்ல அரிபடும். அதைத் தடுக்கத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றை நடுவில் வைக்கிறார்கள்.

கப்பலே கரைக்கு மின்சாரம் கொடுத்த கதையும் உண்டு. 1929 டிசம்பரில், வரட்சியால் நீர்மின்சாரம் குன்றிய அமெரிக்காவின் டகோமா நகருக்கு லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஒரு மாதம் மின்சாரம் ஊட்டியது. கொழும்புத் துறைமுகத்திலும் 2000ஆம் ஆண்டளவில் மிதக்கும் மின்நிலையம் ஒன்று நிறுத்தப்பட்டதை வாசகர் சிலர் அறிந்திருப்பர்.

நமது வாவிக்கு நெருக்கமான கதை நோர்வேயில் இருக்கிறது. 2015இல் லாவிக் – ஒப்பெடால் கரைகளுக்கிடையே 'அம்பியர்' என்ற பற்றரிப் படகு, 120 கார்களை ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ இருபது நிமிடப் பயணத்தில் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு கரையிலும் சில நிமிடங்கள் மின்னேற்றம் செய்யவேண்டும். ஆனால் அச்சிற்றூர்களின் மின்கம்பிகள் அவ்வளவு பாரத்தைத் தாங்கா. எனவே இரு கரைகளிலும் பற்றரிகளை நிறுவினர். அவை நாள் முழுவதும் சிறுகச்சிறுக மின்சாரத்தைச் சேர்த்து, படகு வந்ததும் ஒரே மூச்சில் கொடுக்கும். கேணியில் நீர் ஊறவிட்டு இறைப்பதைப் போன்றது.

தாய்வழிக் குடிமுறையாலும் வேறு பலவற்றாலும் மட்டக்களப்போடு ஒப்பிடப்படும் கேரளத்திலும் இது வந்துவிட்டது. 2017 ஜனவரியில் வைக்கம் – தவணக்கடவு இடையே 75 பேரை ஏற்றும் 'ஆதித்யா' சூரியசக்திப் படகு ஓடத் தொடங்கியது; பகலில் கூரைத் தகடுகள், இரவில் கரை மின்சாரம். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர்மெட்ரோவின் படகுகள், பயணிகள் ஏறி இறங்கும் நேரத்திலேயே துறையில் மின்னேற்றிக்கொள்ளக்கூடியவை.

வேம்பநாட்டுக் காயலில் முடிந்தது மட்டக்களப்பில் முடியாதா என்று நண்பரைக் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "உங்கள் பாதை கரையில் எவ்வளவு நேரம் நிற்கும்?" ஆட்கள் சேரும்வரை நிற்கும், கடக்கும் நேரத்தைவிட அதிகம் நிற்கும் என்றேன். "அந்த நேரம் போதும். அக்கரைக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.