கீழ்க்கட்டளைக்கு வந்த பத்து லட்சம் டாலர்

2011 டிசம்பரில் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனம், ஃப்ரெஷ்டெஸ்க் என்ற சின்ன மென்பொருள் கம்பெனியில் பத்து லட்சம் டாலர் போட்டது. அன்றைய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்குச் சற்று மேல். ஃப்ரெஷ்டெஸ்க் வேலையைத் தொடங்கிய இடம் தென்சென்னையை ஒட்டிய கீழ்க்கட்டளை. வென்ச்சர் கேபிட்டல் பணம் எங்கிருந்து கிளம்புகிறது, எதைப் பார்த்து ஒரு வாசலில் வந்து நிற்கிறது, கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் பக்கத்தில் இதைவிடத் தெளிவான கதை இல்லை.

பணம் ஆக்செல்லின் சொந்தப் பணம் அல்ல. பல்கலைக்கழக அறக்கட்டளைகள், ஓய்வூதிய நிதிகள், பெரும் செல்வக் குடும்பங்கள் போன்றவர்கள் தங்கள் சொத்தில் ஒரு சிறு பகுதியை இப்படிப்பட்ட ஃபண்டுகளில் ஒதுக்குகிறார்கள். ஃபண்டின் ஆயுள் பெரும்பாலும் பத்து ஆண்டுகள். நடத்துகிறவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் கட்டணம், லாபத்தில் 20 சதவீதம் பங்கு என்பது வழக்கம். அதாவது இந்தப் பணம் புறப்படும்போதே திரும்பவேண்டிய தேதியோடுதான் புறப்படுகிறது.

அதன் குணத்தைத் தீர்மானிப்பது இன்னொரு கணக்கு. ஒரு ஃபண்டு முப்பது கம்பெனியில் பணம் போட்டால் பாதிக்கு மேல் போட்ட முதலைக்கூடத் திருப்பித் தராது. ஒன்றோ இரண்டோ பிரம்மாண்டமாக வளர்ந்து மற்ற எல்லா நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டும். அதனால் முதலீட்டாளர் கேட்கிற முதல் கேள்வி ‘இது நல்ல தொழிலா’ என்பதல்ல. ‘நூறு மடங்கு ஆகுமா’ என்பதுதான். திருமுடிவாக்கம் சிட்கோவில் ஒருவர் வருஷம் தவறாமல் லாபம் பார்க்கிற டூல் ரூம் வைத்திருக்கலாம். அவருக்கு வங்கியும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமும் கடன் தரும்; வென்ச்சர் கேபிட்டல் வராது. வராததில் அவருக்குக் குறைவேதும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் முதலீட்டாளர்களின் மறுப்பைத் தங்கள் திறமைக்கு விழுந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டு மனம் உடைகிற இளைஞர்கள் நிறையப் பேர். யாராவது அவர்களிடம் இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, கீழ்க்கட்டளையில் ஆக்செல் எதைப் பார்த்தது?

ஃப்ரெஷ்டெஸ்கின் நிறுவனர், திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம், ஜோஹோ என்ற சென்னை மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவர். 2010-ல் வாடிக்கையாளர் சேவை மென்பொருளில் முன்னணியில் இருந்த ஜென்டெஸ்க் திடீரென விலையை ஏற்றியது. அதன் வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். மாற்றாக மலிவாகவும் நன்றாகவும் ஒன்றைச் செய்தால் வாங்க ஆள் இருக்கிறது என்று அந்தக் கோபத்திலிருந்து கிரிஷ் கண்டுகொண்டார். மோசமான வாடிக்கையாளர் சேவையால் அவரே அதற்கு முன் அடிபட்டவர்தான். அமெரிக்காவிலிருந்து வீட்டுச் சாமான் வந்தபோது டிவி உடைந்துவிட, இன்சூரன்ஸ் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் இணையத்தில் புகாரை எழுதிய பிறகே பணம் வந்தது. ஜோஹோவில் உடன் இருந்த ஷான் கிருஷ்ணசாமியும் அவரும் வேலையை விட்டு 2010 அக்டோபரில் ஃப்ரெஷ்டெஸ்க் பணியைத் தொடங்கினார்கள்.

முதல் வருஷம் வெளி முதலீடு இல்லை. 2011 ஜூனில் மென்பொருள் வெளியானது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் அட்வெல் காலேஜ் என்ற பள்ளி. மாணவரோ ஆசிரியரோ கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினால் அது ஒரு ‘டிக்கெட்’ ஆகும். யார் கவனிக்கிறார், தீர்ந்ததா, எவ்வளவு நேரமாயிற்று என்பது திரையில் தெரியும். இதை வாங்க யாரும் சென்னைக்காரர் ஒருவரை நேரில் பார்க்க வேண்டியதில்லை. இணையத்தில் தேடலாம், சோதிக்கலாம், கார்டில் பணம் கட்டலாம். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நடத்திய போட்டியில் 40,000 டாலர் பரிசும் வந்தது.

என் பார்வையில், ஆக்செல்லின் சேகர் கிரானிக்கு முக்கியமாகப் பட்டிருக்க வேண்டியது பரிசு அல்ல, அந்தக் கார்டுதான். விமானம் ஏறாமல் உலகமெங்கும் விற்க முடியும், செலவு சென்னைச் சம்பளத்தில், வரவு டாலரில். நூறு மடங்கு என்ற கேள்விக்கு அதில் பதில் இருந்தது.

இனி பணம் வந்த வழி. பெரும்பாலோர் நினைப்பதுபோல அது சென்னையில் உள்ள கம்பெனியின் பங்கை வாங்கவில்லை. தாய் நிறுவனம் 2010 ஆகஸ்டிலேயே அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிவானது. இப்படி அமைந்த கம்பெனிகளில் முதலீடு அங்கே இறங்கும். சென்னைக் கிளை செய்துகொடுக்கும் வேலைக்குக் கட்டணமாக மாதாமாதம் இங்கே வரும். சம்பளமாகவும் வாடகையாகவும் மாறும். வேலை நடப்பது ஓரிடம், பங்குகள் இருப்பது வேறிடம்.

வாங்குகிற பங்கும் சாதாரணப் பங்கல்ல, முன்னுரிமைப் பங்கு. ஒரு முதலீட்டாளர் பத்து லட்சம் போட்டு, கம்பெனி பின்னால் எட்டு லட்சத்துக்கே விலைபோகிறது என்று வையுங்கள். வழக்கமான ஒப்பந்தப்படி எட்டும் அவருக்கே. உழைத்த நிறுவனருக்கும் ஊழியருக்கும் கையில் ஒன்றும் நிற்காது. முதலீட்டு நிபந்தனைகளைச் சொல்லும் டெர்ம் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் கம்பெனியின் மதிப்பு எத்தனை கோடி என்பதைப் பார்க்கிற அளவு இந்த முன்னுரிமை விதியைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

ஒருமுறை வந்த பணம் அடுத்த பணத்தைக் கூப்பிடும். 2012 ஏப்ரலில் டைகர் குளோபல் என்ற முதலீட்டு நிறுவனமும் ஆக்செல்லும் 50 லட்சம் டாலர் தந்தன. 2014-ல் கூகுளின் முதலீட்டுப் பிரிவும் சேர்ந்து 3.1 கோடி டாலர். பிறகு செக்கோயா என்ற முதலீட்டு நிறுவனமும் வந்தது. அலுவலகம் பெருங்குடிக்கு வந்தது. 2017-ல் பெயர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது.

2021 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பங்கு பட்டியலானது. வெளியீட்டு விலை 36 டாலர், திரட்டியது 100 கோடி டாலருக்கு மேல். பட்டியலுக்கு முன் ஆக்செல்லிடம் இருந்தது சுமார் கால் பங்கு. டைகர் குளோபலிடமும் ஏறக்குறைய அவ்வளவே. முதல் பத்து லட்சமும் அதன் பின்னால் போட்டதும் சேர்ந்து இருநூறு கோடி டாலருக்கு மேற்பட்ட பங்காக நின்றன. கீழ்க்கட்டளையில் தொடங்கிக் கிட்டத்தட்டப் பதினோரு ஆண்டுகள்தான். பணம் வந்து இறங்கிய நாட்டிலேயே கணக்கு முடிந்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. ஊழியர்களுக்கும் பங்கு கொடுத்திருந்தார்கள். இந்தியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அன்று கோடீஸ்வரர்கள் ஆனார்கள், அவர்களில் எழுபது பேர் முப்பது வயதுக்குள் என்று கிரிஷ் அப்போது சொன்னார். பங்கின் விலை அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே வெளியீட்டு விலைக்குக் கீழே போய்விட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கோடி சுருங்கியது. இருந்தாலும், சம்பளத்தை மட்டுமே நம்பி வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு உடைமையில் பங்கு உண்டு என்பதை இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

வென்ச்சர் கேபிட்டல் இல்லாமல் இது நடக்காதா? நடக்கும். கிரிஷ் விட்டுவந்த ஜோஹோவே சாட்சி. 1996-ல் தாம்பரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு வெளி முதலீட்டை எடுக்கவே இல்லை. லாபத்தில் வளர்ந்தார், திருப்பித் தர வேண்டிய தேதி எதுவும் அவருக்கு இல்லை. பொறுமையாக வளரும் தொழிலுக்கு அந்த வழி. போட்டியாளர் முந்துவதற்குள் சந்தையைப் பிடிக்க வேண்டிய தொழிலுக்கு இந்த வழி. இரண்டும் சில கிலோமீட்டர் இடைவெளியில் நடந்திருக்கின்றன.

பணத்தின் பயணம் இன்னும் முடியவில்லை. 2021-ல் கிரிஷ், இன்னொரு தொழில்முனைவரான மானவ் கார்க் முதலானோருடன் சேர்ந்து டுகெதர் ஃபண்ட் என்ற முதலீட்டு நிதியைத் தொடங்கினார். முதல் ஃபண்டு 8.5 கோடி டாலர். நிதி வாங்கியவர் நிதி தருகிறவர் ஆனார். அரசுகளும் இறங்கியிருக்கின்றன: மத்திய அரசு 2016-ல் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக 10,000 கோடி ரூபாயை உள்நாட்டு ஃபண்டுகளுக்கு ஒதுக்கியது. தமிழக அரசு டான்சீட் திட்டத்தில் ஆரம்பநிலைக் கம்பெனிகளுக்குப் பத்து லட்சம் ரூபாய் அளவில் விதை நிதி தருகிறது. ஆனால் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி பொதுவாக ஒரு கோடி ரூபாய் போடக்கூடியவரே இப்படிப்பட்ட ஃபண்டில் சேர முடியும். ஏமாறாமல் காக்கத்தான் அந்த வேலி, அது தேவையும்கூட. ஆனால் அதனால் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் சேமிக்கிறவருக்கு, தன் தெருவில் வளரும் கம்பெனியில் பங்கு வாங்க அது பங்குச்சந்தைக்கு வரும்வரை வழியில்லை. அந்தச் சந்தையாவது மும்பையில் இருக்க வேண்டும். அதற்கு முன்மாதிரி உண்டு: போன்பே, க்ரோ போன்ற நிதிச் சேவை நிறுவனங்கள் வெளிநாட்டில் இருந்த தலைமைப் பதிவை இந்தியாவுக்கே மாற்றிக்கொண்டன. க்ரோ 2025 நவம்பரில் இங்கேயே பட்டியலானது. தென்சென்னையில் அடுத்து தொடங்குகிறவர்கள் முதல் நாளே டெலவேருக்குப் போகாமல் இங்கே பதிவு செய்யலாம்.