மதுரை வட்டாரத் தேர்தல்களில் எதிர்மறைப் பரப்புரை

தன் திட்டத்தை முன்வைக்காமல், எதிராளியின் குறையை முன்னிறுத்தி வாக்குக் கேட்பது எதிர்மறைப் பரப்புரை எனப்படும். ஆட்சியின் செயலைத் தாக்குவது ஒரு வகை; எதிராளியின் பிறப்பு, உடல்நிலை, பழக்கவழக்கம் ஆகியவற்றைத் தாக்குவது மற்றொரு வகை. அமெரிக்காவில் 1800ஆம் ஆண்டு ஆடம்ஸ், ஜெஃபர்சன் மோதிய குடியரசுத் தலைவர் தேர்தலிலேயே இரண்டும் தலைதூக்கின. இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் பிரதிநிதிகளே தேர்ந்தெடுப்பதால் அத்தேர்தலில் தெருப் பரப்புரை இல்லை. தமிழ்நாட்டில் அத்தகைய நேருக்கு நேர் மோதல் முதல்வர் பதவியைச் சுற்றியே நடந்துவருகிறது. அதன் பல திருப்பங்கள் மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் நிகழ்ந்தன.

அரிசியும் 1967 தேர்தலும்

1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ் தொண்டர்களுக்கும் ஏற்பட்ட மோதலிலிருந்து இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. அரிசித் தட்டுப்பாடும் அதனுடன் சேர்ந்துகொண்டது. முதலமைச்சர் பக்தவத்சலத்தை 'அண்ணாச்சி' என்று விளித்து அரிசி விலை என்னவாயிற்று என்று கேட்ட திமுக முழக்கம், சமையலறை வரை சென்று சேர்ந்தது. காங்கிரஸ் தலைவர் காமராசரைக் குறிவைத்த வசைகளும் 1967 தேர்தலில் ஒலித்தன. ஆயினும் ஆட்சியை மாற்றியது விலைவாசிக் கேள்வியே. மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராசர் தோற்றார்.

திண்டுக்கல் இடைத்தேர்தல், 1973

கட்சியின் கணக்கைப் பொதுமேடையில் கேட்ட நடிகர் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டு, 1972 அக்டோபரில் அதிமுகவைத் தொடங்கினார். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல்லில் 1973 மே மாதம் மக்களவை இடைத்தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். எழுப்பிய ஊழல் குற்றச்சாட்டுக்கு எதிராக, அவருடைய மலையாளப் பூர்வீகத்தை எதிரணி மேடைகள் இழுத்தன. எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' படம் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்வதாகத் திமுகவைச் சேர்ந்த மதுரை மேயர் முத்து சவால் விட்டார் என்பது இன்றும் மதுரையில் சொல்லப்படும் செய்தி. படம் மே 11 அன்று வெளியாகி வெற்றி பெற்றது. அதிமுக சார்பில் இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் வென்றார். திமுக மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. மதுரை முத்துவும் பின்னாளில் அதிமுகவில் சேர்ந்தார்.

மதுரை மேற்கும் ஆண்டிப்பட்டியும்

1980 பிப்ரவரியில், அப்போது முதல்வராக இருந்த எம்.ஜி.ஆரின் ஆட்சி கலைக்கப்பட்டது. தான் செய்த தவறு என்ன என்று மக்களிடமே கேட்டுப் பரப்புரை செய்த அவர், மதுரை மேற்குத் தொகுதியில் வென்று மீண்டும் முதல்வரானார். அதே ஆண்டின் இறுதியில் திருச்செந்தூர் கோயில் அதிகாரி சுப்பிரமணிய பிள்ளை மர்மமான முறையில் இறந்தார். அதற்கு நீதி கேட்டு 1982 பிப்ரவரியில் திமுக தலைவர் கருணாநிதி மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தார். அந்த மரணம் பற்றிய விசாரணை ஆணையத்தின் அறிக்கையைக் கையில் வைத்து ஆட்சியைக் குற்றஞ்சாட்டிய அந்த நெடும்பயணம், சான்றோடு கூடிய தாக்குதலுக்கு எடுத்துக்காட்டு.

1984 தேர்தலின்போது எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவர் நலமாகத் திரும்புவாரா என்ற ஐயம் எதிரணிப் பேச்சில் இடம்பெற்றது. அதற்குப் பதிலாக, மருத்துவமனையில் எடுத்த அவரது காணொளியை அதிமுக ஊர் ஊராகத் திரையிட்டது. தொகுதியில் கால் வைக்காமலே, மதுரைக்கு மேற்கே உள்ள ஆண்டிப்பட்டியில் அவர் வென்றார். இந்திரா காந்தி படுகொலையால் எழுந்த அனுதாபமும் அதிமுக–காங்கிரஸ் கூட்டணிக்குத் துணைநின்றது.

இரு மதுரைக்காரர்கள், 2011

நடிகர் விஜயகாந்த் 2005 செப்டம்பரில் மதுரையில் தேமுதிக கட்சியைத் தொடங்கினார். 2011 சட்டமன்றத் தேர்தலில் அவருக்கு எதிராகத் திமுக மேடைகளில் பேசியவர் மதுரையிலேயே பிறந்த நடிகர் வடிவேலு. விஜயகாந்துக்குக் குடிப்பழக்கம் உண்டு என்று சொல்லிச் செய்த அந்தக் கேலிக்குக் கூட்டம் அலைமோதியது. முடிவில் தேமுதிக 29 இடங்களையும் திமுக 23 இடங்களையும் பெற்றன. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலு சில ஆண்டுகள் திரையில் வாய்ப்பின்றி ஒதுங்க நேர்ந்தது.

கருவிகளும் சட்டமும்

தமுக்கம் மைதானம், திலகர் திடல், மாசி வீதிகள் ஆகியவை மேடைப் பேச்சின் களங்களாக விளங்கின. சுவரெழுத்து, சுவரொட்டி, தெருமுனைக் கூட்டம், அச்சகப் பெயரில்லாத மொட்டை நோட்டீஸ் ஆகியவை பழைய கருவிகள். இன்று வாட்ஸ்அப் செய்தியும் வெட்டி ஒட்டிய காணொளியும் மொட்டை நோட்டீஸின் வேலையைச் செய்கின்றன.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்பாளரின் தனி ஒழுக்கம் பற்றிப் பொய் என்று அறிந்தே செய்தி பரப்புவதை 123(4) பிரிவில் முறைகேடாகக் கருதுகிறது. அது மெய்ப்பிக்கப்பட்டால் உயர் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாததாக்கலாம். தேர்தல் நோட்டீஸ்களில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்கள் இருக்க வேண்டும் என்கிறது 127ஏ பிரிவு. கொள்கையையும் கடந்தகாலச் செயலையும் விமர்சிக்கலாம், பொதுவாழ்வோடு தொடர்பற்ற தனிவாழ்வைத் தொடக்கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி.

மதிப்பீடு

அரிசி விலையும் ஊழல் கணக்கும் ஆட்சிக்குப் பதில் சொல்லும் கடமையை நினைவூட்டின. அத்தகைய தாக்குதல் மக்களாட்சிக்குத் தேவை. பிறப்பையும் நோயையும் பழக்கத்தையும் தாக்கிய பேச்சு கைதட்டலைப் பெற்றது. ஆனால் 1973, 1984, 2011 ஆகிய மூன்று தேர்தல்களிலும், பேசியவர்கள் சார்ந்த அணிக்கு அது வெற்றியைத் தேடித் தரவில்லை.